மதுரைய விட்டு நகர முடியலையா? நாலு மணி நேரத்துல போயிட்டு வர்ற ஊர்சுத்தல்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சொந்தக்காரங்க, கூட வேல பாக்குறவங்க, அப்பார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல இருக்கவங்கன்னு ஆளாளுக்கு ஒரே கேள்விகளத்தான் திரும்பத் திரும்ப கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்ட போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிருக்கேன். எல்லாமே மதுரைய வச்சுதான், வேற ஊர்க்காரங்க உங்க ஊர் மலை, உங்க ஊர் கம்மா (கண்மாய், ஏரி) பேரப் போட்டு படிச்சுக்கோங்க.

மொதல்ல, நீங்க ஏன் இப்படி அதிகாலைல சுத்துறீங்க?

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூணு வருஷம் ஆகுது. வலது கையும் காலும் சரியா வராது, பேச்சு பாதிதான் வரும். அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு தடவ மேகமலை, மூணாறு, கொடைக்கானல்னு பையத் தூக்கிட்டு கெளம்புற ஆளு நானு, இப்ப ஒரு ராத்திரி கூட வெளியூர்ல தங்க முடியாது. வீட்டுக்காரர் ஒன்பதரைக்கு வேலைக்கு கெளம்புவாரு, அதுக்குள்ள நான் வீட்ல இருந்தாகணும். அஞ்சே காலுக்கு கெளம்புனா ஒன்பதே காலுக்கு வாசல்ல வண்டி நிக்கணும், அவ்வளவுதான் கணக்கு. வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் ரெண்டு நாள்.

மொதல் ஒரு வருஷம் ஒண்ணும் பண்ணல. மத்தவங்க இமயமலைல நின்னு போடுற வீடியோவப் பாத்து வயிறு எரிஞ்சதுதான் மிச்சம். ஒருநாள் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டு ஒத்தக்கடை வழியா வரும்போது சிக்னல்ல நின்னு யானைமலையவே பாத்துட்டு இருந்தேன், பொறந்ததுல இருந்து பாக்குற மலை, பஸ் ஜன்னல்ல இருந்து பாத்ததோட சரி, நாப்பது வயசாகியும் ஒரு தடவ கூட அதத் தொட்டதில்லன்னு அப்பத்தான் ஒரைச்சுச்சு. மறுவாரமே போனேன்.

பக்கத்துல இருக்க கம்மாயும் கரடும் ஒரு அட்வென்ச்சரா? சும்மா மனசத் தேத்திக்கிறீங்களோ?

பாதி உண்மைதான். மேகமலைக் குளிரு நம்ம மதுரைக்குப் பக்கத்துல இருக்க கீழக்குயில்குடில கெடைக்காது, அது இதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு ட்ரெக்கிங்ல புடிச்சதே என்னன்னு யோசிச்சப்போ, காலைல கெளம்பும்போது அன்னைக்கு என்னத்தப் பாக்கப்போறோம்னு தெரியாது பாருங்க, அந்த படபடப்புதான். அது இருவது கிலோமீட்டருக்குள்ளயும் கெடைக்குது.

ஒரு தடவ மார்கழி மாசம், பனி விலகாத நேரம், ஒரு கம்மாக் கரையில நின்னு வாத்து பாக்கலாம்னு போனா தண்ணிக்குள்ள இருந்து கருகருன்னு ஒரு தலை மூச்சு விட்டுக்கிட்டு என்னயப் பாத்து வருது. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. பாத்தா ஜல்லிக்கட்டு காளை! பொங்கலுக்கு முன்னாடி மூச்சு நிக்கணும்னு நீச்சல் பழக்குறாங்க, ரெண்டு பசங்க கயித்தப் புடிச்சு கூடவே நீந்தி வர்றாங்க. "பயப்படாதீங்கக்கா, அது ஒண்ணும் பண்ணாது, செவப்புத் துணி மட்டும் இல்லாம பாத்துக்கோங்க"ன்னு ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சொல்றான், நான் போட்டிருந்தது செவப்பு சால்வை. (மாட்டுக்கு செவப்பு கலரே சரியா தெரியாது, என்னய ஓட்டுறதுக்குத்தான் சொல்லிருக்கான்னு வீட்டுக்கு வந்து படிச்சப்பறம் தெரிஞ்சுச்சு.) எந்த ஊர் ட்ரெக்கிங்லயும் எனக்கு இப்படி ஒண்ணு நடக்கல.

எங்க இருந்து ஆரம்பிக்கிறது? எனக்கு மாட்டுத்தாவணி, மால், கோயில் தவிர ஒண்ணும் தெரியாது.

மகன் ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருந்து காம்பஸ் எடுத்து, ஒரு மேப்ப பிரிண்ட் போட்டு, வீட்டுல முள்ளக் குத்தி 25 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். அதுக்கு மேல போனா நாலு மணி நேரத்துல திரும்ப முடியாது. அப்பறம் கூகுள் மேப்ல சாட்டிலைட் வியூ போட்டு அந்த வட்டத்துக்குள்ள பாறையா தெரியிறது, தண்ணியா தெரியிறது, அடர்பச்சையா தெரியிறது எல்லாத்தையும் பேனால குறிச்சேன். எனக்கு அறுவது எடத்துக்கு மேல வந்துச்சு, பாதிக்கு பேரே தெரியல. மதுரைய சுத்தி இவ்வளவு கம்மா இருக்குன்னு மேப்ல பாத்தாத்தான் தெரியும், பாதி கம்மா மேல இப்ப ஆபீசும் பஸ் ஸ்டாண்டும் நிக்குதுங்கிறது வேற கத.

போயிட்டு வந்த எடத்த செவப்பு பேனால அடிக்கிறேன். ரெண்டு வருஷத்துல இன்னும் பாதி கூட முடியல.

மொதத் தடவ போறவங்களுக்கு ஒரே ஒரு எடம் சொல்லுங்க.

சமணர் மலை, கீழக்குயில்குடி. கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். தேனி ரோட்டுல நாகமலை புதுக்கோட்டை பக்கம், சிட்டில இருந்து அரை மணி நேரத்துல போயிரலாம். அடிவாரத்துல தாமரைக் குளம், பெரிய ஆலமரம், குதிரைச் சிலையோட அய்யனார் கோயில். பாறையிலயே வெட்டுன படி இருக்கு, கம்பியும் போட்டிருக்காங்க, மெதுவா ஏறுனா பத்து பதினஞ்சு நிமிசத்துல பேச்சிப்பள்ளம் வந்துரும். அங்க பாறை ஓரமா வரிசையா எட்டு சமணச் சிற்பம், 9, 10 ஆம் நூற்றாண்டுல செதுக்குனது, தலைக்கு மேல பாம்பு படம் எடுத்து நிக்கிற பார்சுவநாதர், உடம்புல கொடி சுத்துன பாகுபலி, கீழ வட்டெழுத்துல (பழைய தமிழ் எழுத்து) யாரு செஞ்சு குடுத்தாங்கன்னு எழுதியிருக்கும். பக்கத்துலயே ஒரு சுனை.

இன்னும் மேல போனா ஒரு பழைய கட்டடத்தோட அடித்தளம் மட்டும் கெடக்கும், அந்தக் காலத்து சமணப் பள்ளி, அதாவது சமணத் துறவிங்க தங்குன எடம். அங்க உக்காந்து மேற்க பாத்தா நாகமலை, பேருக்கு ஏத்த மாதிரியே பாம்பு படுத்த மாதிரி நீளமா போகும். கெழக்க பாத்தா ஊரு. ஆறரைக்கு சூரியன் வரும்போது பாறை மொதல்ல சாம்பல் கலரு, அப்பறம் ரோஸு, அப்பறம் மஞ்ச. செட்டிப்புடவுன்னு இன்னொரு எடம் மலைக்கு அந்தப் பக்கம், கீழ இறங்கி சுத்திப் போகணும், அது ஒரு குகை, வாசல் பக்கத்துல பெரிய தீர்த்தங்கரர் (சமண குரு) சிலை, ஊர்க்காரங்க அத செட்டியார்னு கூப்புடுவாங்க. ரெண்டையும் ஒரே நாள்ல பாக்கணும்னு ஓடாதீங்க. நான் நாலாவது தடவதான் செட்டிப்புடவுக்கே போனேன்.

யானைமலை மேல ஏறலாமா?

கீழ இருந்து பாக்க யானை படுத்த மாதிரி அழகா இருக்கும், ஏறுறது அவ்வளவு அழகா இருக்காது. வழுக்குப் பாறை, நெழல் கெடையாது, வழி தெரிஞ்ச ஊர்க்காரர் கூட இல்லாம போகாதீங்க. அடிவாரமே ஒரு காலைக்கு போதும். நரசிங்கத்துல யோக நரசிம்மர் குடைவரை (பாறையக் குடைஞ்சு எடுத்த கோயில்) இருக்கு, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனோட அமைச்சர் மாறன் காரி 770 ல எடுத்தது, அவரு நடுவுல எறந்து போக அவரு தம்பி மாறன் எயினன் முடிச்சு வச்சாருன்னு கல்வெட்டே சொல்லுது. பக்கத்துல லாடன் கோயில்னு ஒரு சின்ன முருகன் குடைவரை, பக்கத்து எடமா இருந்தும் பாதி பேரு அங்க எட்டிப் பாக்குறதே இல்ல. பாத்துட்டு மலை ஓரமாவே நடந்தா அந்த யானை ஒவ்வொரு வளைவுலயும் ஒவ்வொரு மாதிரி தெரியும், சில எடத்துல யானையாவே தெரியாது, வெறும் செவுரு.

2010 ல இந்த மலைய சிற்ப நகரம் ஆக்கப் போறோம்னு ஒரு திட்டம் வந்து ஊர் மக்கள் எதுத்து நின்னு அது நின்னுச்சு. பசுமைநடைன்னு ஒரு அமைப்பு அதுக்கப்பறம்தான் ஆரம்பிச்சுச்சு, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்குனது, மதுரைய சுத்தி இருக்க மலை, கல்வெட்டு, குடைவரைக்கு ஞாயித்துக்கெழம காலைல கூட்டமா கூட்டிட்டுப் போவாங்க. தனியா போக பயமா இருக்கவங்க இப்படி ஒரு கூட்டத்தோட ஒரு தடவ போயிட்டா அப்பறம் பயம் போயிரும்.

அரிட்டாபட்டி அரிட்டாபட்டின்னு எல்லாரும் சொல்றாங்களே, அங்க அப்படி என்ன இருக்கு?

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா என் வட்டத்துக்குள்ள இருக்கதுலயே எனக்குப் புடிச்ச எடம் இதுதான். மேலூர் பக்கம், சிட்டில இருந்து ஏறக்கொறைய 25 கிலோமீட்டர். 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட மொதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசு அறிவிச்சுச்சு, அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேத்து 193 ஹெக்டேர். ஏழு குன்று வரிசையா நிக்கும், நடுவுல வயலு, கம்மா, சுனை. அரசு அறிவிப்புல 250 பறவையினம்னு கணக்கு சொல்லியிருக்காங்க, அதுல லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகுன்னு மூணு முக்கியமான வேட்டைப் பறவை. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் இருக்கு. தேவாங்கு ராத்திரி நடமாடுற ஜீவன், நான் இன்னும் பாக்கல. வல்லூற பாத்திருக்கேன், பாறை உச்சில இருந்து கல்லு விழுற மாதிரி கீழ எறங்குச்சு, அடுத்த நிமிசம் புறாக் கூட்டம் செதறிப் போகுது. அது புறாவ புடிச்சுதா இல்லையான்னு தெரியல, பாறைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு.

அங்க கழிஞ்சமலைல ஒரு சின்ன சிவன் குடைவரை இருக்கு, 7, 8 ஆம் நூற்றாண்டு. அதுல லகுலீசர் (சிவனோட ஒரு வடிவம்) சிற்பம் இருக்கு, தமிழ்நாட்டுல ரொம்ப அபூர்வமா பாக்குறது. இன்னொரு பக்கம் தீர்த்தங்கரர் சிற்பம், பாறை இடுக்குல தமிழ்ப் பிராமி எழுத்து. பக்கத்து மீனாட்சிபுரம் மலைல, புத்தகத்துல மாங்குளம் கல்வெட்டுன்னு போட்டிருப்பாங்க, நெடுஞ்செழியன் பேரு வர்ற தமிழ்ப் பிராமி கல்வெட்டு இருக்கு, 1882 ல ராபர்ட் சீவெல் கண்டுபிடிச்சது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் உளி புடிச்சு எழுதுன எடத்துல உக்காந்து நான் இட்லிப் பொட்டலம் பிரிச்சு சாப்புட்டிருக்கேன். பொட்டலத்த திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன், நீங்களும் எடுத்துட்டு வந்துருங்க.

2024 கடைசில இந்தப் பக்கத்துல டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகுதுன்னு சேதி வந்து மேலூர் வட்டாரமே ரோட்டுக்கு வந்துச்சு, 2025 ஜனவரி 23 ல ஒன்றிய அரசு அந்தச் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்த ரத்து பண்ணுச்சு. அதுக்கப்பறம் கூட்டம் அதிகமாயிருச்சு. நல்லதுதான், ஆனா ஸ்பீக்கர் எடுத்துட்டு வர்ற கோஷ்டியும் கூடவே வருது. ஊர்ப் பெரியவங்க எதாவது சொன்னா கேட்டுக்கோங்க, செருப்பக் கழட்டச் சொல்ற எடத்துல கழட்டிருங்க, அது அவங்க சாமி மலை.

முட்டி வலி, மலையெல்லாம் ஏற முடியாது. என்ன பண்ண?

கம்மாக்கு வாங்க. கரை மேல நடக்க முட்டி தேவையில்ல, பொறுமதான் வேணும். சாமநத்தம் கம்மா, அவனியாபுரம் கம்மா ரெண்டும் ஏர்போர்ட் பக்கம், நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் போங்க. கூழைக்கடா, மஞ்சமூக்கு நாரை, நத்தகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் சாதாரணமா நிக்கும். நாமக்கோழி நெத்தில நாமம் போட்டுக்கிட்டு கும்பலா மெதக்கும், முக்குளிப்பான் ஒரு எடத்துல முங்கி நீங்க எதிர்பாக்காத எடத்துல வெளிய வரும், நான் கண்டுபுடிக்க பந்தயம் கட்டி எப்பவும் தோத்துப் போவேன். குளிர் காலத்துல ரொம்பத் தொலைவுல இருந்து வாத்துங்க வரும். அவ்வளவு தூரம் பறந்து வர்ற பறவ நம்ம ஊர் சாக்கடை கலந்த கம்மால வந்து எறங்குதேன்னு கொஞ்சம் வெக்கமாவும் இருக்கும்.

நடக்கவே முடியாதவங்க, வீல்சேர்ல இருக்கவங்க, வண்டியூர் கம்மா பக்கம் போகலாம், நடைபாதை போட்டிருக்காங்க. காலைல வாக்கிங் கூட்டம் கொஞ்சம் சத்தமா இருக்கும், தண்ணிப் பக்கமா திரும்பி உக்காந்துட்டா அது காதுல விழாது.

பறவை பேரெல்லாம் தெரியாதே?

எனக்கும் காக்கா, குருவி, மைனா தவிர எதுவும் தெரியாது. மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, ஃப்ரீதான், சத்தத்த வச்சே என்ன பறவைன்னு சொல்லும், சில நேரம் தப்பாவும் சொல்லும். பாத்தத ஈபேர்டுல (பறவைக் கணக்கு பதியிற வெப்சைட்) போட்டு வைக்கலாம். பொங்கலுக்கு வருஷாவருஷம் நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, 2015 ல இருந்து. கொறஞ்சது பதினஞ்சு நிமிசம் ஒரு எடத்துல நின்னு பாத்தத எண்ணிப் போட்டா போதும், மொட்டமாடில நின்னு கூட போடலாம். போன தடவ பக்கத்து வீட்டு தாத்தா ஆர்வமா வந்து நின்னு புறா மட்டும் நாப்பத்தொண்ணு எண்ணுனாரு.

மலை, கம்மா தவிர வேற எதாவது?

நான் பண்ணதுலயே கிறுக்குத்தனமானது கிருதுமால் நதிய தேடிப் போனதுதான். மதுரைக்காரங்களுக்கே பாதிப் பேருக்கு அது நதின்னு தெரியாது, பெரிய சாக்கடைன்னு நெனச்சிருப்பாங்க. நாகமலை, துவரிமான் பக்கம் ஆரம்பிச்சு ஊருக்கு நடுவுல ஓடி தெக்க போயி குண்டாத்துல சேருற ஆறு அது. கூடலழகர் கோயில் பெருமாளுக்கு மாலை மாதிரி ஓடுச்சாம், அதனாலதான் அந்தப் பேருன்னு சொல்லுவாங்க. நான் ஆறு ஞாயித்துக்கெழம எடுத்து துண்டு துண்டா நடந்தேன். துவரிமான் கம்மா பக்கம் வயலும் நாணலும் மீன்கொத்தியுமா இருக்கு. அப்பறம் வீடுக வரும், தண்ணி கலரு மாறும். அப்பறம் சந்துக்குள்ள நொழைஞ்சு ரெண்டு பக்கமும் செவுரு வந்துரும், சில எடத்துல மேல சிலாப் போட்டு மூடியே வச்சிருக்காங்க, அப்ப அது எங்க போகுதுன்னு தெரியாம தெருத்தெருவா சுத்தணும். ஒரு சந்துல பூக்கட்டிட்டு இருந்த பாட்டிகிட்ட "பாட்டி, கிருதுமால் எங்கிட்டு போகுது"ன்னு கேட்டா, "ஏந்தாயி, எதயும் தொலச்சுட்டியா"ன்னு கேக்குது. விசயத்த சொன்னதும் சிரிச்சுட்டு, சின்னப் புள்ளைல அதுல குளிச்சிருக்கேன்னு சொல்லி, எங்க படித்துறை இருந்துச்சுன்னு எந்திரிச்சு வந்து காட்டுச்சு. அங்க இப்ப ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிக்குது.

மூக்கப் பொத்திக்கிட்டு நடந்த அட்வென்ச்சர்தான், ஆனா அத மறக்க முடியாது.

நாத்தம் வேண்டாம்னா பனையூர் கால்வாய பாருங்க. 1645 ல திருமலை நாயக்கர் வெட்டுன தெப்பக்குளத்துக்கு வைகைத் தண்ணி அது வழியாத்தான் வரும். வைகைல தண்ணி விட்ட நாளாப் பாத்து போனா கூடவே நடக்கலாம். இதே மாதிரி எந்தக் கம்மாயா இருந்தாலும் வரத்து வாய்க்கா எங்கேந்து வருது, கலுங்கு (மிச்சத் தண்ணி வெளியேறுற எடம்) தாண்டுனா தண்ணி எந்தக் கம்மாக்கு போகுதுன்னு தொடர்ந்து போங்க. ஒரு கம்மா நெறஞ்சு அடுத்த கம்மாக்குன்னு கண்ணி கண்ணியா கோத்து வச்சிருக்காங்க, அத நடந்து பாக்கும்போது வர்ற ஆச்சரியம் மேப்ல வராது.

பொம்பளைங்க தனியா போகலாமா?

இந்தக் கேள்விக்கு தைரியமா போங்கன்னு ஒத்த வரில சொல்றவங்கள நம்பாதீங்க. நான் பண்றத சொல்றேன். புது எடத்துக்கு தனியா போறதே இல்ல, மொதத் தடவ வீட்டுக்காரரோ ஃப்ரெண்டோ கூட வருவாங்க (அன்னைக்கு அம்மாவ அண்ணி பாத்துக்குவாங்க). ரெண்டாவது தடவ தனியா. லொக்கேஷன் லைவ்ல ஓடிக்கிட்டே இருக்கும். வண்டிய டீக்கடை முன்னாடிதான் நிறுத்துவேன், ஒரு டீயக் குடிச்சுட்டு "அண்ணே, மேல போயிட்டு எட்டு மணிக்கு வந்துருவேன்"னு சொல்லிட்டுப் போவேன். அது சும்மா சொல்றது இல்ல, ஒரு தடவ எட்டே காலாச்சுன்னு அந்த அண்ணன் பையன மேல அனுப்பிட்டாரு. ஆடு மேய்க்கிற அக்காங்க இருந்தா அந்தப் பக்கமாவே நடப்பேன். காலி பாட்டிலும் சீட்டுக்கட்டும் கெடக்குற எடமா இருந்தா எவ்வளவு அழகா இருந்தாலும் திரும்பிருவேன். உள்ளுக்குள்ள எதோ சரியில்லன்னு தோணுனாலும் அப்படித்தான், காரணம் தேடுறது இல்ல.

பாம்பு?

இருக்கும். அதோட வீட்டுக்குத்தான் நாம போறோம். ஷூ போடுங்க, புல்லுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி கம்பால தட்டுங்க, பாறை இடுக்குல கைய விடாதீங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலுதான் நம்ம பக்கம் பெரிய ஆபத்து. கடிச்சுட்டா கட்டுப் போடாதீங்க, அறுக்காதீங்க, வாய வச்சு உறிஞ்சாதீங்க, மோதிரம் வளையலக் கழட்டிட்டு கடிபட்ட கைய காலை அசைக்காம 108 கூப்புட்டு பெரியாஸ்பத்திரிக்கு போங்க, மருந்து அங்க இருக்கு.

உண்மைய சொன்னா பாம்ப விட எனக்கு பயம் மலைத்தேனீதான். யானைமலை, அரிட்டாபட்டி மாதிரி செங்குத்துப் பாறைல பெரிய பெரிய அடையா தொங்கும். சென்ட் அடிச்சுட்டு போகாதீங்க, பொகை போடாதீங்க, கல்லெறியிற பையன் கூட இருந்தா அவன வீட்டுலயே விட்டுட்டு வாங்க.

அதுக்கு அடுத்து கல்குவாரி பள்ளம். மேலூர் பக்கம் கெரனைட் வெட்டி விட்ட குழிகள்ல பச்சைக் கலர்ல தண்ணி நிக்கும், போட்டோல சுவிட்சர்லாந்து மாதிரி தெரியும். செங்குத்தா எறங்குற ஆழம், ஏறி வர புடிமானம் இருக்காது. நீச்சல் தெரியும்னு எறங்குனவங்க செத்திருக்காங்க. கம்மாலயும் மண்ணு அள்ளுன குழி தண்ணிக்குள்ள தெரியாது. எட்ட நின்னு பாருங்க, போதும்.

வெயில் காலத்துல?

மார்ச் பாதில இருந்து ஜூன் வரைக்கும் மலைப்பக்கமே போறது இல்ல. ஏழரைக்கே பாறை சுட ஆரம்பிச்சுரும். அந்த மாசங்கள்ல அழகர்கோயில் மலை, ரோட்டுலயே நடந்து நூபுர கங்கை வரைக்கும், மரநெழல் இருக்கும். கையில வாழப்பழம் தெரியிற மாதிரி புடிச்சீங்கன்னா கொரங்கு பாத்துக்கும், என் மூக்குக்கண்ணாடி ஒண்ணு அந்த மலைலதான் எங்கயோ இருக்கு. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள வனத்துறைகிட்ட கேக்காம எறங்கிராதீங்க, அது எந்த மாசமா இருந்தாலும் சரி, வெயில் காலத்துல தீப்புடிக்கிற பயமும் சேந்துக்கும். 2018 மார்ச்ல குரங்கணில ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீல செத்தாங்களே, அது நம்ம பக்கத்து மலைலதான்.

என்ன எடுத்துட்டுப் போகணும்? எவ்வளவு செலவாகும்?

ரெண்டு லிட்டர் தண்ணி, டார்ச், தொப்பி, பழைய ஷூ, கம்பு, ஒரு குப்பைப் பை. பைனாகுலர் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வாங்குனேன், இல்லாமயே பாதி சந்தோசம் கெடைக்கும். பெட்ரோலு, டீ, திரும்பி வரும்போது ஒரு பருத்திப்பாலு. அவ்வளவுதான், கொடைக்கானல்ல ஒரு நாள் ரூம் வாடகைல எனக்கு ஒரு வருஷம் ஓடுது.

பசங்கள கூட்டிட்டுப் போனா போரடிக்குதுன்னு சொல்றாங்க.

பெருசு பெருசா வரலாறு சொன்னா அடிக்கத்தான் செய்யும். என் பையன் மொதத் தடவ சமணர் மலைல போனக் கேட்டு அழுதான். அடுத்த தடவ கையில மேப்பக் குடுத்து, நீதான் வழி காட்டணும், தப்பாப் போனா தப்பாத்தான் போவோம்னு சொல்லிட்டேன். ரெண்டு தடவ ஒரே ஆட்டுப்பட்டிக்குள்ள போயி நின்னோம், ஆட்டுக்காரர் மூணாவது தடவ வந்துராதீங்கன்னாரு. இப்ப சனிக்கெழம ராத்திரியே ஷூவ எடுத்து வாசல்ல வைக்கிறான்.

எனக்கு நாலு மணி நேரமே கெடையாது, வீட்ட விட்டு எறங்கவே முடியாது.

அப்படி மாசக்கணக்குல நானும் இருந்திருக்கேன், அம்மாவ ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்த புதுசுல. அப்ப மொட்டமாடிதான். ராத்திரி ஒன்பது மணிக்கு துணி எடுக்கப் போற சாக்குல இருவது நிமிசம். ஸ்டெல்லேரியம்னு ஆப் போட்டு ஒவ்வொரு நட்சத்திரமா படிச்சேன். நம்ம பஞ்சாங்கத்துல இருக்க கார்த்திகை ஆறு புள்ளியா ஒட்டிக்கிட்டு நிக்கும், ரோகிணி செவப்பா அதுக்குப் பக்கத்துல, கோடைல கேட்டை இன்னும் செவப்பா தெக்குப் பக்கம். ஜாதகத்துல மட்டுமே கேட்ட பேரு வானத்துல நிக்கிறதப் பாத்ததும் எனக்கு சிலிர்த்துருச்சு. டிசம்பர் 13, 14 ராத்திரி எரிகல் மழை வரும், பாய் விரிச்சு படுத்தா சிட்டி வெளிச்சத்துலயே அஞ்சாறு பாத்துரலாம்.

இன்னொண்ணு, சாயங்காலம் கிளிக்கூட்டம் எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் போகுதுன்னு ஒரு வாரம் பாருங்க. எனக்கு அது எங்க போயி அடையுதுன்னு கண்டுபுடிக்க நாலு மாசம் ஆச்சு, ஒவ்வொரு தடவ வெளிய போகும்போதும் ஒரு தெரு தள்ளி நின்னு பாத்து பாத்து. கடைசில ஒரு பழைய பங்களா மரத்துல, நூத்துக்கணக்குல.

ஒரே எடத்துக்கு திரும்பத் திரும்பப் போனா சலிக்காதா?

மேகமலைக்கு நான் போனது எட்டு தடவ, ஒரு மரத்தோட பேரு கூட தெரியாது. சமணர் மலைக்கு முப்பது தடவைக்கு மேல போயிட்டேன், எந்த மாசம் சுனைல தண்ணி கொறையும், எந்த மரத்துல பனங்காடை உக்காரும், தாமரைக் குளத்துல எப்ப பூ கம்மியாகும்னு சொல்லுவேன். சலிப்பு அப்பப்ப வரும். வந்தா அந்த வாரம் தூங்கிருவேன்.

வீட்டுல திட்ட மாட்டாங்களா, அம்மாவ விட்டுட்டு சுத்துறேன்னு?

சொந்தக்காரங்க சொன்னாங்க. ஒருத்தர் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. பதில் சொல்லல, அவரு ஒரு நாள் வந்து பாத்துக்கிட்டதும் இல்ல.

அம்மா மேலூர் பக்கத்துக் கிராமத்துல பொறந்தவங்க. நான் வந்ததும் போன வாங்கி எடது கையால ஒவ்வொரு போட்டோவா தள்ளிப் பாப்பாங்க. மொதல்ல எல்லாம் எதுவும் சொல்ல மாட்டாங்க. போன தை மாசம் ஒரு கம்மாக் கரைல கத்திக்கிட்டே பறந்த ஆட்காட்டிப் பறவைய வீடியோ எடுத்து வந்து போட்டேன், சத்தத்தக் கேட்டதும் கண்ண மூடிக்கிட்டு "முட்ட"ன்னாங்க. எனக்குப் புரியல. "தர...ல முட்ட"ன்னு திரும்ப சொன்னாங்க, கையால தரையக் காட்டி. ஆட்காட்டி தரைலதான் முட்ட போடும், ஆளு கிட்ட வந்தா அதான் அப்படிக் கத்தும், மிதிச்சுராதடின்னு சொல்றாங்கன்னு புரிய எனக்கு அஞ்சு நிமிசம் ஆச்சு. அதுலேந்து அந்தக் கரைல அந்த எடம் வந்தா எறங்கி வயல் வரப்பு வழியா சுத்தித்தான் போறேன்.